வீட்டிலேயே சலவை லிக்விட் செய்யப் போகிறீர்களா? முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

ஏழெட்டு மாதம் வீட்டில் செய்த சலவைப் பொடியில்தான் எங்கள் துணி முழுவதையும் துவைத்தேன். சோப்பைத் துருவி, வாஷிங் சோடா கலந்து, பெரிய டப்பாவில் நிரப்பி வைத்துக்கொண்டேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் கறுப்புச் சட்டைகளில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பித்தது. அப்புறம் ஒருநாள் குளித்துவிட்டுத் துடைத்தால் தண்ணீர் துண்டில் ஏறவே இல்லை, உடம்பின் மேலேயே வழிந்து போனது. துண்டைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன், மெழுகு பூசின மாதிரி இருந்தது. காய்ந்த துணியில் வாடை இல்லை, ஆனால் வியர்வை பட்ட பத்தாவது நிமிடமே பழைய வாடை எழும்பியது.

துணி சுத்தமாகவே இல்லை, சோப்பும் அழுக்கும் சேர்ந்து நூலுக்குள் படிந்துகொண்டே இருந்திருக்கிறது என்று புரிய இன்னும் ஒரு மாதம் பிடித்தது. அந்தத் துணிகளை மீட்கவும், உருப்படியாகத் துவைக்கிற ஒரு லிக்விடைச் செய்யக் கற்றுக்கொள்ளவும் நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், படி தாண்டிப் போகாதீர்கள்.

1. சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு

நான் பின்பற்றியதைப் போன்ற செய்முறைகள் எல்லாவற்றிலும் 'டிடர்ஜென்ட்' என்றுதான் தலைப்பு இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் துருவிய சோப்பு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் கொழுப்பு அமில உப்பு. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். குளியலறைத் தரையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கசடுதான் துணிக்குள்ளும் போய் உட்காருகிறது. டிடர்ஜென்டில் இருப்பது செயற்கையாகச் செய்த அழுக்கு நீக்கி. அது கால்சியமும் மக்னீசியமும் உள்ள தண்ணீரில் இப்படித் திரிந்துபோகாது.

எவ்வளவு சோப்பு வீணாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. தண்ணீரில் இந்தக் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதைத்தான் கடினத்தன்மை என்பார்கள், கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வார்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 50 லிட்டர் எடுத்தால், அதிலுள்ள கால்சியத்தை அடக்க மட்டும் ஏறக்குறைய 30 கிராம் சோப்பு செலவாகிவிடும். அழுக்கை எடுக்கும் வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்கும். நான் ஒரு துவைப்புக்குப் போட்ட இரண்டு மேசைக்கரண்டிப் பொடியில் இருந்ததோ 10 கிராம் சோப்புதான். வாஷிங் சோடா கொஞ்சம் கால்சியத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடும், உண்மைதான். ஆனால் பிடித்ததைச் சுண்ணாம்புத் தூளாகத் துணியிலும் மெஷினின் ஹீட்டரிலும் இறக்கிவிடும்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

இதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் பிடித்து, சாதாரண சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, இருபது முறை நன்றாகக் குலுக்குங்கள். மேலே திரண்ட நுரையும் கீழே தெளிந்த தண்ணீரும் இருந்தால் மென்னீர். நுரை வராமல் தண்ணீர் பால் போலக் கலங்கினால் கடினநீர். பாத்திரம் கழுவும் லிக்விடை வைத்து இதைச் செய்யாதீர்கள். அதுவும் செயற்கை டிடர்ஜென்ட்தான், எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், உங்களுக்கு எதுவும் தெரியவராது.

எண்ணாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கடினத்தன்மை பார்க்கும் சோதனைத் தாள் வாங்குங்கள், அல்லது சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதை எண்ணும் கிட் வாங்குங்கள். கிட் இன்னும் துல்லியமாகச் சொல்லும். பொதுவாகப் பின்பற்றும் அளவு இது: லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 61 முதல் 120 வரை நடுத்தரம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை முக்கி, வரும் எண்ணைக் கடினத்தன்மை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். நமக்கு வேண்டியது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். டி.டி.எஸ். அதிகமாக இருந்தும் கடினத்தன்மை குறைவாக உள்ள தண்ணீர் உண்டு. தண்ணீரை மென்மையாக்கும் கருவி வழியாக வரும் தண்ணீர் அப்படித்தான்.

3. நான்கு காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்

முதலாவது வாஷிங் மெஷினோடு வந்த கையேடு. எந்த வகை டிடர்ஜென்ட் போடலாம், நுரை குறைவாக வருவதுதான் வேண்டுமா, தவறானதைப் போட்டால் வாரன்டி என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாரன்டிக் காலம் முடியாத மெஷின் என்றால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். சோப்புக் கசடு அடைத்துப் பழுதானால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு, அப்படி ஒரே ஒரு பழுது வந்தாலும் ஒரு வருடம் மிச்சம் பிடித்தது போய்விடும்.

இரண்டாவது, தண்ணீர் சோதனை அறிக்கை. தண்ணீர் வழங்குபவர்களிடம் கேட்டால் பல ஊர்களில் கிடைக்கும். சொந்தக் கிணறு என்றால் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் எண் மாறும், அதையும் மனதில் வையுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் கேட்டு வாங்காத காகிதம். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஒரே அமைப்பில் 16 பிரிவுகளாக இருக்கும். முழுதும் படிக்க வேண்டியதில்லை. 2ஆம் பிரிவில் ஆபத்து, 4இல் முதலுதவி, 7இல் வைக்கும் முறை, 8இல் கையுறை, கண்ணாடி பற்றி இருக்கும். இந்த நான்கும் போதும். விற்பவர் இந்தத் தாளைத் தர முடியாது என்றால் அவரிடம் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

நான்காவது, துணியின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் லேபிள். கம்பளியும் பட்டும் புரத நார். காரம் பட்டால் சொரசொரப்பாகி வலுவிழக்கும். வாஷிங் சோடா சேர்த்த எதுவும் அவற்றின் மேல் படக்கூடாது.

4. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் தண்ணீர் 60க்குக் கீழே இருந்து, வெந்நீரில் துவைக்கும் வசதியும் இருந்தால் சோப்புப் பொடியே போதும். மெல்லிசாகத் துருவி, இரண்டு நாள் காய வைத்து அரைத்த சோப்பு ஒரு பங்கு, தண்ணீர்ச் சத்து இல்லாத, மாவு போன்ற வாஷிங் சோடாத் தூள் ஒரு பங்கு, அவ்வளவுதான். 40 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் சோப்புத் துருவல் சரியாகக் கரையாது, அதனால் முதலில் ஒரு குவளைச் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். மென்னீர் உள்ளவர்கள் 5, 7ஆம் படிகளில் உள்ள லிக்விட் சமாச்சாரத்தை விட்டுவிட்டு 6ஆம் படிக்கும், பிறகு 8ஆம் படிக்கும் போகலாம்.

மற்ற எல்லோருக்கும் லிக்விட்தான் வழி. இது முழுக்க 'இயற்கை' கிடையாது, கடையில் வாங்கிய மூலப்பொருளை அளந்து கலப்பதுதான். ஆனால் துணி சுத்தமாகும், மணமும் நிறமும் உங்கள் கையில் இருக்கும், தோலுக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் எது என்று தெரிந்தால் அதை விட்டுவிடலாம். வாசனை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் செய்யச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடை டிடர்ஜென்டில் இருக்கும் என்சைம்களை வீட்டில் சேர்க்க முடியாது. இரத்தம், பால், புல் போன்ற கறைகளில் வேலை செய்வது அந்த என்சைம்கள்தான். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் என்சைம் உள்ள பொட்டலம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. வாங்க வேண்டியவையும், வாங்கும்போது ஏமாறும் இடங்களும்

ஒரு கிலோ லிக்விடுக்கு வேண்டியது இது. எல்லாவற்றையும் எடையில் சொல்கிறேன், கரண்டியில் அளக்காதீர்கள்.

தண்ணீர் 790 கிராம்
எஸ்.எல்.இ.எஸ்., அதாவது சோடியம் லாரில் ஈதர் சல்ஃபேட் (முக்கிய அழுக்கு நீக்கி), 70 சதவீத பேஸ்ட் 120 கிராம்
கோகோ பீட்டெய்ன், அதாவது சி.ஏ.பி.பி. (துணை அழுக்கு நீக்கி), 30 சதவீதம் 50 கிராம்
சோடியம் சிட்ரேட் 20 கிராம்
ஃபீனாக்சி எத்தனால் (லிக்விட் கெடாமல் இருக்க) 8 கிராம்
சாதாரண உப்பு 10 முதல் 12 கிராம் வரை, தேவைப்பட்டால் மட்டும்

எஸ்.எல்.இ.எஸ். 70 சதவீதத்திலும் கிடைக்கும், 28 சதவீதத்திலும் கிடைக்கும். பெயர் ஒன்றே, டப்பாவும் ஒரே மாதிரி. 70 சதவீதம் கெட்டியான வெள்ளைப் பசை, 28 சதவீதம் ஓடுகிற திரவம். மலிவாகக் கிடைக்கிறதே என்று 28ஐ வாங்கி 120 கிராம் போட்டால் பாதிகூட வேலை செய்யாது. 28தான் கிடைத்தது என்றால் 300 கிராம் போட்டு, தண்ணீரில் 180 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

சோடியம் சிட்ரேட்டின் வேலை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. சோடாவைப் போலச் சுண்ணாம்பாக இறக்காது, தண்ணீரிலேயே கரைத்து வைத்திருக்கும். தனியாகக் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். 15 கிராம் சிட்ரிக் ஆசிடை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, 20 கிராம் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பொங்கிக்கொண்டு வரும், அதனால் அரை லிட்டருக்குக் குறையாத வாய் அகன்ற பாத்திரமாக எடுங்கள். குமிழி முழுதும் அடங்கிய பிறகு உங்களுக்கு வேண்டிய 20 கிராம் சிட்ரேட் அதில் இருக்கும். அந்த 100 மில்லியைத் தண்ணீர்க் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். பொங்கும்போது பாட்டிலில் ஊற்றி மூடினால் பாட்டில் வெடிக்கும்.

கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் என்று கேட்டால் சில கடைகளில் சோடியம் பென்சோயேட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது புளிப்பான கலவையில்தான் வேலை செய்யும். நம் லிக்விடின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) 7க்கு மேல், அதனால் சும்மா கிடக்கும். இது தெரியாமல் நான் செய்த இரண்டாவது லிக்விட் ஐந்தாம் வாரம் கலங்கி, மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியது. முழுதும் கொட்டினேன். ஃபீனாக்சி எத்தனால் ஒரு கிலோவுக்கு 10 கிராமைத் தாண்டக்கூடாது.

வாஷிங் சோடா வாங்கும்போதும் இதே மாதிரி குழப்பம் உண்டு. கண்ணாடி போன்ற கட்டியாக இருந்தால் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், சோடா 37 சதவீதமே இருக்கும். மாவு போன்ற தூளாக இருந்தால் அதுதான் சோடா ஆஷ், தண்ணீர் இல்லாதது. 100 கிராம் தூள் போடச் சொன்ன இடத்தில் 270 கிராம் கட்டி போட வேண்டும். சமையல் சோடா இதற்கு மாற்றாகாது. அதன் காரத்தன்மை மிகக் குறைவு. 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் சமையல் சோடா வாஷிங் சோடாவாக மாறும், ஆனால் ஒரு கிலோ போட்டால் 630 கிராம்தான் திரும்ப வரும். அதற்கு ஆகும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கட்டாது.

ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கும் முறையையும் சிலர் சொல்வார்கள், மூலப்பொருள் மலிவு என்று. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். ஒன்று வலுவான அமிலம், இன்னொன்று தோலை அரிக்கும் காரம், சேரும்போது கொதிக்கிற சூடு. சமையலறையில் செய்யும் வேலை அல்ல அது.

இவை தவிர ஒரு கிராம் வரை காட்டும் தராசு, கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, இரண்டு பிளாஸ்டிக் வாளி, பி.எச். தாள் வேண்டும். வாளியும் கரண்டியும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும், சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

6. செலவுக் கணக்கைத் துவைப்புக்குப் போடுங்கள், லிட்டருக்குப் போடாதீர்கள்

ஒரு லிட்டர் என்ன விலை என்று ஒப்பிட்டால் வீட்டில் செய்தது எப்போதும் மலிவாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது அதுவல்ல. நீங்கள் செய்த லிட்டர் எத்தனை துவைப்புக்கு வரும்? 60 மில்லி வீதம் போட்டால் 16 துவைப்பு. கடைப் பாட்டிலின் பின்னால் எத்தனை துவைப்பு என்று போட்டிருக்கும். இரண்டு விலையையும் அந்தந்த எண்ணால் வகுத்து, வரும் தொகைகளை ஒப்பிடுங்கள்.

வீட்டுக் கணக்கில் தராசு, கண்ணாடி, வாளி எல்லாவற்றையும் முதல் 50 துவைப்புக்குப் பங்கு போட்டுச் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஃபீனாக்சி எத்தனால் 8 கிராம் தரமாட்டார்கள், குறைந்தது 100 கிராம் பாட்டில்தான் கிடைக்கும். அந்த முழு விலையும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது முதல் இரண்டு கிலோவில் மிச்சமே இல்லை. மூன்றாவதிலிருந்துதான் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது. பணத்துக்காக மட்டும் இதில் இறங்குபவர்கள் அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள்: இப்போது கடை டிடர்ஜென்டை எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். லேபிளில் சொன்னதைப் போல இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அளவைக் குறைத்தாலே செலவு பாதியாகிவிடும்.

7. செய்முறை: இரவில் தொடங்குங்கள்

மொத்தம் இரண்டு நாள். கை வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம்தான், மீதி எல்லாம் காத்திருப்பு. அவசரப்பட்டால் கெடுவதும் இந்த இடத்தில்தான்.

முதல் நாள் இரவு வாளியில் 690 கிராம் தண்ணீர் எடுங்கள். கொதிக்க வைத்து ஆற வைத்ததாக இருந்தால் நல்லது. எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட்டை நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிய்த்துத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரில் பேஸ்ட்டைப் போட வேண்டும், பேஸ்ட்டின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் பேஸ்ட் கொஞ்சம் தண்ணீரை மட்டும் உறிஞ்சி முன்னைவிடக் கெட்டியான ஜெல்லாகிவிடும், கரண்டியையே அசைக்க முடியாது. உருண்டைகளைப் போட்டு மெதுவாக ஒரு நிமிடம் கிளறிவிட்டு மூடி வைத்துத் தூங்கப் போய்விடுங்கள். மிக்சியிலோ பிளெண்டரிலோ அடிக்காதீர்கள், வாளி முழுக்க நுரையாகி அடங்க ஒரு நாள் பிடிக்கும்.

காலையில் திறந்தால் உருண்டைகள் ஓரம் கரைந்து, கண்ணாடித் துண்டு போல் ஒளி ஊடுருவும் கட்டிகளாக அடியில் கிடக்கும். கலங்க வேண்டாம். கரண்டியை அடியில் வைத்து, மேலே எழுப்பாமல் மெல்ல வட்டமாகக் கிளறுங்கள், பத்து நிமிடம் விட்டு மறுபடி கிளறுங்கள். மூன்று நான்கு முறையில் தெளிந்துவிடும்.

இப்போது சி.ஏ.பி.பி.யை ஊற்றிக் கிளறுங்கள். மீதியுள்ள 100 கிராம் தண்ணீரில் சிட்ரேட்டைக் கரைத்து ஊற்றுங்கள். அப்போதே கொஞ்சம் கெட்டியாவது தெரியும். பிறகு ஃபீனாக்சி எத்தனால். அடுத்து பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 7க்கும் 8.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குறையுங்கள். அளவுக்கு மீறிப் புளிப்பாக்கிவிடாதீர்கள், அமிலத்தில் எஸ்.எல்.இ.எஸ். மெல்லச் சிதையும்.

உப்பு கடைசியில், அதுவும் வேண்டுமானால்தான். உப்பு போட்டால் லிக்விட் கெட்டியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு அளவைத் தாண்டினால் திடீரென்று தண்ணீராக இளகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இளகியதைப் பார்த்து இன்னும் உப்புப் போட்டால் இன்னும்தான் இளகும், சில நேரம் இரண்டு அடுக்காகப் பிரிந்தே போகும். சிட்ரேட்டும் ஒரு உப்புதான், பாதி வேலையை அது ஏற்கெனவே செய்திருக்கும். அதனால் 2 கிராம் உப்பை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த 2 கிராமுக்குப் போங்கள். கரண்டியிலிருந்து விளக்கெண்ணெய் போல் வழிந்தால் நிறுத்திவிடலாம். கெட்டியாக இருப்பதால் துணி கூடுதலாக வெளுக்கப் போவதில்லை, ஊற்றுவதற்கு வசதி அவ்வளவே.

இளகிப் போனால் கொட்டிவிடாதீர்கள். உப்பே சேர்க்காத இன்னொரு கலவையைச் செய்து இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

நுரை அடங்க இன்னொரு இரவு மூடி வையுங்கள். அதன் பிறகுதான் பாட்டில்.

8. நல்ல துணியில் போடுவதற்கு முன் சோதனை

பழைய வெள்ளைப் பருத்தித் துணியை மூன்று துண்டாகக் கிழியுங்கள். மூன்றிலும் ஒரே அளவு எண்ணெயும் கொஞ்சம் மண்ணும் தேய்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரில், ஒன்றை உங்கள் லிக்விடில், ஒன்றைக் கடை டிடர்ஜென்டில், மூன்றையும் ஒரே வெப்பம், ஒரே நேரம் துவைத்துக் காய வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் தண்ணீர்த் துண்டு இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. தண்ணீரும் உரசலுமே பாதி அழுக்கை எடுத்துவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரிலும் சமையல் சோடாவிலும் துவைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு குறைவு என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, ஒரு பனியனை மட்டும் துவைத்து இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். குழந்தைகளின் துணிக்கு அதன் பிறகு போங்கள்.

9. எவ்வளவு ஊற்றுவது

டாப் லோட் மெஷினில் நாலைந்து கிலோ துணிக்கு 60 மில்லி. ஃபிரண்ட் லோடில் தண்ணீர் குறைவு, அதனால் 25 மில்லியில் தொடங்குங்கள். எஸ்.எல்.இ.எஸ். நன்றாக நுரைக்கும் பொருள். ஃபிரண்ட் லோடில் நுரை மிஞ்சினால் துணிகள் ஒன்றோடொன்று உரசாமல் நுரை மெத்தையில் உருளும், அழுக்குப் போகாது, மெஷினும் மறுபடி மறுபடி அலசிக்கொண்டே நேரத்தை இழுக்கும். கண்ணாடிக் கதவில் கால்வாசிக்கு மேல் நுரை தெரிந்தால் அடுத்த முறை 5 மில்லி குறையுங்கள்.

சட்டைக் கழுத்திலும் கையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பருத்தித் துணிக்கு மட்டும் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடாத் தூளைத் துணியோடு மெஷினுக்குள் போடுங்கள். இதை லிக்விடுக்குள்ளேயே கலந்து வைக்காதீர்கள். வெள்ளைத் துணிக்குச் சோடியம் பெர்கார்பனேட் நன்றாக வேலை செய்யும், 40 டிகிரிக்கு மேல் வெந்நீர் வேண்டும். அதையும் துவைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும். லிக்விடில் கலந்து மூடி வைத்தால் ஆக்சிஜன் வெளிவந்து பாட்டில் வீங்கி வெடிக்கும்.

10. சேர்க்கவே கூடாதவை

வினிகரை வாஷிங் சோடாவோடு ஒரே துவைப்பில் ஊற்றினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீண். அது வெறும் நஷ்டம்தான். ஆனால் வினிகரோ சிட்ரிக் ஆசிடோ குளோரின் பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். அமோனியா உள்ள எதையும் பிளீச்சோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். பிளீச் போடும் நாளில் வேறு எதையும் கலக்காதீர்கள்.

பழைய செய்முறைகளில் போராக்ஸ் தவறாமல் இருக்கும். இனப்பெருக்கத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் அதை 2010இல் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வெறும் கையால் அள்ளிக் கலக்கும் வேலைக்கு அது தேவையே இல்லை, சிட்ரேட் போதும்.

11. ஏற்கெனவே சோப்புப் படிந்த துணிகளை மீட்க

காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் பிரச்சினை இல்லை. ஐந்து நொடிக்கு மேல் முத்தாக நின்றால் படிவு இருக்கிறது.

வினிகரில் ஊற வைக்கத்தான் முதலில் தோன்றும், நானும் அதைத்தான் செய்தேன். வினிகர் கசடை உடைக்கும், ஆனால் உடைந்து வருவது கொழுப்பு அமிலம், பிசுபிசுவென்று துணியிலேயே இருக்கும். எனக்கு வேலை செய்தது இது: வெந்நீர் தாங்கும் பருத்தித் துணிகளை மட்டும் பிரித்தெடுத்து, 60 டிகிரி வெந்நீர் 10 லிட்டரில் 50 கிராம் சோடியம் சிட்ரேட், இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, வழக்கமான அளவு கடை டிடர்ஜென்ட் போட்டு நான்கு மணி நேரம் ஊற வைத்தேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி, மேலே மெல்லிய ஆடை மிதந்தது. அத்தனை மாதம் அதைத்தான் உடம்பில் போட்டுக்கொண்டிருந்தோம். அலசி, மெஷினில் ஒரு முறை வெந்நீரில் ஓட்டி, மறுவாரம் இதையே திரும்பச் செய்தேன். துண்டுகள் மீண்டன. கறுப்புச் சட்டைகளில் இரண்டு மீளவில்லை. நிறம் போகக்கூடிய துணிகளை இதில் போடாதீர்கள்.

மெஷினையும் மறக்காதீர்கள். சோப்புப் பெட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், ஃபிரண்ட் லோட் என்றால் கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரல் விட்டுத் துடையுங்கள், துணி இல்லாமல் வெந்நீரில் ஒரு முறை ஓட்டுங்கள்.

12. பாட்டில், லேபிள், நாள்

குடிக்கும் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றவே கூடாது. லேசான மஞ்சள் நிறத்தில் தெளிவாக இருக்கும் இந்த லிக்விட் பார்ப்பதற்குக் குடிக்கிற பொருள் போலத்தான் இருக்கும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. பழைய டிடர்ஜென்ட் பாட்டிலைக் கழுவிக் காய வைத்து எடுங்கள், பழைய லேபிளைக் கிழித்துவிட்டு உங்கள் லேபிளை ஒட்டுங்கள். பெயர், செய்த தேதி, போட்ட பொருட்கள், ஒரு துவைப்புக்கான அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது லேபிளில் எழுதியிருக்கும் பொருள் பட்டியல்தான். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்குள் தீருகிற அளவு மட்டும் செய்யுங்கள். கெடாமல் காக்கும் ஃபீனாக்சி எத்தனால் சேர்க்காமல் செய்தால் இரண்டு வாரம்தான். கலங்கினாலோ, வாடை மாறினாலோ, ஏடு கட்டினாலோ கொட்டிவிட வேண்டியதுதான், வடிகட்டி உபயோகிக்காதீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் என்ன எடை போட்டீர்கள், எந்தத் தேதி, பி.எச். எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பத்துத் துவைப்புக்கு ஒரு முறை அதே துண்டில் அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, எத்தனை நொடியில் உறிஞ்சியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நொடி கூடிக்கொண்டே போனால் லிக்விட் அளவை 5 மில்லி குறைத்து, அலசலை ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.